மூளைக்குள் ஒளியும் நோய்! காசநோய் போல வேடம் போடும் சார்காய்டோசிஸ்

ஒரு நாள் காலையில் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது. சில வாரங்களில் சரியாகிவிடுகிறது.

சில மாதங்கள் கழித்துக் கண் சிவக்கிறது. பார்வை மங்குகிறது.

அப்புறம் தீராத தாகம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறள்கிறது. கடைசியில் ஓயாத தலைவலி.

இவை நான்கு நோய்களா? அல்லது ஒரே நோய் காட்டும் நான்கு முகங்களா?

சில பேருக்கு இவை எல்லாம் ஒரே நோயால் வருகின்றன. அந்த நோயின் பெயர் சார்காய்டோசிஸ். பெயர் வாயில் எளிதில் நுழையாது. நோயும் டாக்டர்களின் கையில் எளிதில் சிக்காது. அதிலும் மூளையையும் நரம்புகளையும் அது தாக்கும்போது கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

இது அபூர்வமான நோய். ஆனாலும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், இது காசநோயைப் போலவே வேடம் போடும். காசநோய் நிறைந்த நம் நாட்டில் இரண்டையும் பிரித்து அறியாவிட்டால் ஆபத்து.

சேர்வராயன் மலையிலே...

சேலத்தில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் ஏற்காடு இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறவேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5 ஆயிரம் அடி உயரம்.

சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-ம் ஆண்டு வாக்கில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்றும் காப்பியும் மிளகும்தான் இந்த மலைக்குப் பிழைப்பு. சுற்றுலா வருகிறவர்கள் ஏரியில் படகு விடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், மாலையில் இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும், மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்களும் இங்கேயே வாழ்கிறார்கள். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. இந்த மலையின் சொந்தக்காரர்கள்.

இங்கே ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய்ச் சோதனைதான் செய்யவேண்டும். அதுதான் சரி. உலகத்தில் உள்ள காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். டி.பி. என்ற இரண்டு எழுத்தை அறியாத குடும்பம் நம் ஊரில் இல்லை.

ஆனால் இருமல் இல்லை, முகம் மட்டும் கோணியது என்றால் என்ன செய்வது? கண் மட்டும் மங்கியது என்றால்? முகத்துக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு இன்னொரு டாக்டர், தலைவலிக்கு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை என்று ஆளுக்கு ஒரு துண்டாக நோய் பிரிந்துபோகிறது. ஒவ்வொரு டாக்டரும் தம் கண்ணில் பட்ட துண்டுக்குச் சரியான மருந்தைத்தான் கொடுக்கிறார். முழு நோய் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தத் துண்டுகளை ஒன்று சேர்ப்பதுதான் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழி.

லண்டன் தொழிலாளியின் தோல்

இந்த நோயின் கதை 1869-ம் ஆண்டில் லண்டனில் தொடங்குகிறது. நிலக்கரித் துறையில் வேலை செய்த ஒரு தொழிலாளி, கால்களிலும் கைகளிலும் ஊதா நிறத் தடிப்புகளோடு ஜோனதன் ஹட்சின்சன் என்ற டாக்டரிடம் வந்தார். வலி இல்லை. புண்ணும் இல்லை. இது என்ன என்று டாக்டருக்கே விளங்கவில்லை. ஆனாலும் அவர் அதைக் குறித்து வைத்தார்.

முப்பது ஆண்டுகள் சென்றன. 1899-ல் நார்வே நாட்டு டாக்டர் சீசர் பெக் அதே போன்ற தோல் தடிப்பை வெட்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். 'சதை போன்றது' என்று பொருள்படும்படி சார்காய்டு என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

இது வெறும் தோல் நோய் அல்ல, நரம்பையும் தொடும் என்பதற்கு 1909-ம் ஆண்டில் ஒரு பெரிய தடயம் கிடைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹீர்போர்ட் என்ற கண் டாக்டர் சில நோயாளிகளைப் பார்த்தார். அவர்களுக்குக் கண்ணில் அழற்சி. காதுக்குக் கீழே கன்னத்தில் வீக்கம். கூடவே காய்ச்சல். சிலருக்கு முகமும் கோணியிருந்தது. பொன்னுக்கு வீங்கிதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் நினைத்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதுவும் சார்காய்டோசிஸ் என்று தெரியவந்தது.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1957-ம் ஆண்டில் சென்னை டாக்டர் ஆர்.வி.ராஜமும் அவருடன் பணிபுரிந்த டாக்டர்களும் இந்த நோய் கண்ட ஒருவரைப் பற்றி மருத்துவ ஏடு ஒன்றில் விரிவாக எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றி வெளிவந்த ஆரம்பகாலக் கட்டுரைகளில் அது ஒன்று.

அதே சென்னையில் 1956-ல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று அந்த நிலையம் உலகத்துக்கே காட்டியது. ஆக, காசநோயை வெல்லும் வழியும், காசநோய் போல வேடம் போடும் நோயைப் பற்றிய எழுத்தும் ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தன!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பில் காவல்படை ஒன்று இருக்கிறது. கிருமி வந்தால் அந்தப் படை கூடிச் சுற்றி வளைக்கும். சார்காய்டோசிஸ் நோயில், கண்ணுக்குத் தெரிந்த கிருமி எதுவும் இல்லாமலே படை கூடிவிடுகிறது. குருணை போன்ற சிறு சிறு முடிச்சுகளாகத் திரண்டு நிற்கிறது. நுரையீரலிலும் அதை அடுத்த நெறிகளிலும்தான் இவை பெரும்பாலும் வரும். தோல், கண், ஈரல், இதயம் என்று வேறு இடங்களிலும் வரலாம்.

இந்த நோய் உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு மூளை, தண்டுவடம், நரம்பு ஆகியவற்றில் தொல்லை தெரியும். பலருக்கு அதுவே முதல் அறிகுறியாகவும் அமைந்துவிடுகிறது.

முகத்தை அசைக்கும் நரம்பைத் தொட்டால் முகம் கோணும். பார்வை நரம்பைத் தொட்டால் பார்வை மங்கும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பக்கம் வந்தால் சர்க்கரை நோய் இல்லாமலே தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் பரவினால் தலைவலி. மூளையிலே அமர்ந்தால் வலிப்பு. தண்டுவடத்தில் வந்தால் கால் மரத்துப்போகும்; நடை தள்ளாடும்.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. குழந்தையைத் தூக்கினால் ஒட்டாது. இந்த நோய் வந்தவரைத் தனியே ஒதுக்கி வைப்பது பாவம்.

முகம் கோணியவர்கள் எல்லோரும் இதைப் படித்துப் பயப்படவேண்டாம். முகவாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சார்காய்டோசிஸ் கிடையாது. முதல் சில நாட்களுக்குள் டாக்டரிடம் போனால் பெரும்பாலும் குணமாகிவிடும். இரண்டு பக்கமும் கோணினால், அல்லது ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கோணினால் சந்தேகப்படவேண்டும். முகத்தோடு கண், கன்னம், மூச்சு ஆகியவற்றிலும் தொல்லை இருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும்.

முதல் சோதனை: பேச்சு!

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வயது 35. தலைவலியோடு மாமியாரை அழைத்துக்கொண்டு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்.

"இதற்கு முன்னால் உடம்புக்கு என்னவெல்லாம் வந்ததம்மா?" என்று டாக்டர் கேட்பார்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டரய்யா. இப்ப இந்தத் தலைவலிதான்" என்று அவள் சொல்லுவாள்.

பக்கத்தில் நிற்கும் மாமியார் சும்மா இருப்பாரா? "போன தை மாசம் வாய் கோணிப் போச்சே, அதைச் சொல்லு கண்ணு. கண்ணு செவந்து சொட்டு மருந்து ஊத்தினியே, அதையும் சொல்லு" என்பார்.

அந்த ஒரு வாக்கியம் ஆயிரம் ரூபாய் ஸ்கேனுக்குச் சமம்! தலைவலி, முகம், கண் மூன்றும் அங்கே ஒன்று சேர்ந்துவிடுகின்றன.

டாக்டர் அதன் பிறகு தோலைப் பார்ப்பார். கழுத்து நெறியைத் தொட்டுப் பார்ப்பார். கண் டாக்டரிடம் அனுப்புவார். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவார்.

"தலைவலிக்கு நெஞ்சிலே எக்ஸ்ரேவா?" என்று சிரிக்கக்கூடாது. மூளையில் ஒளிந்திருக்கும் சார்காய்டோசிஸ் பெரும்பாலும் நெஞ்சிலேதான் தன் அடையாளத்தை விட்டு வைக்கும். நுரையீரலின் நடுவே இரண்டு பக்கமும் நெறிகள் வீங்கியிருந்தால் அது ஒரு பெரிய துப்பு.

ஆனால் காசநோயிலும் நெறி வீங்கும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ரத்தம் மட்டும் போதாது

கையில் சிறு ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. மாந்தோ சோதனை என்பார்கள். நம் நாட்டில் பலருக்கு அது தடிக்கும். சார்காய்டோசிஸ் உள்ளவர்களுக்குப் பல சமயம் தடிக்காமலே போய்விடும். இது ஒரு துப்பு, தீர்ப்பு அல்ல.

ரத்தத்தில் ஏ.சி.இ. என்ற பொருளை அளப்பதும் உண்டு. இந்த நோயில் அது கூடலாம், கூடாமலும் இருக்கலாம். வேறு நோய்களிலும் கூடும். ஆகவே ஒரே ஒரு ரத்தச் சோதனையை நம்பி இந்த நோய்க்குப் பெயர் வைக்க முடியாது.

மூளைக்குள் எட்டிப் பார்ப்பது

வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னையில் டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-லும் மூளை, நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கி வைத்தார்கள். அந்த நாளில் ஸ்கேன் கிடையாது. மூளையில் நீர் இருக்கும் இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழலைப் பார்த்து நோயை ஊகித்தார்கள். 1971-ல்தான் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது.

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது. காந்த சக்தியால் எடுக்கும் படம் அது. ரத்தக் குழாயில் ஒரு மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால், அழற்சி உள்ள இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். மூளையின் அடிப்பாகத்துச் சவ்வு பளிச்சிட்டால் சார்காய்டோசிஸாக இருக்கலாம்.

ஆனால் காசநோயும் அதே அடிப்பாகத்தைத்தான் தாக்கும்! நாடாப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகி, வலிப்பைக் கொண்டுவருவதும் உண்டு. சில வகைப் புற்றுநோய்களும் படத்தில் இப்படித் தோன்றலாம். ஆகையால் படமும் கடைசி வார்த்தை அல்ல.

முதுகில் ஊசி: பயம் வேண்டாம்

அடுத்தது முதுகு நீர்ச் சோதனை. இதைக் கேட்டதும் பல குடும்பங்கள் எழுந்து ஓடுகின்றன. "முதுகிலே ஊசி போட்டால் கால் போய்விடும்" என்ற பயம் ஊருக்கு ஊர் உண்டு.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசியைச் செலுத்துவார்கள். மூளையில் அழுத்தம் அதிகமாக இல்லை என்று பார்த்த பிறகே நீர் எடுப்பார்கள். சிலருக்குச் சில நாட்கள் தலைவலி இருக்கும். கால் போகாது.

அந்த நீரில் புரதம் கூடியிருக்கிறதா, வெள்ளை அணுக்கள் பெருகியிருக்கின்றனவா, சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். கிருமியின் மரபுக்கூறைக் கண்டுபிடிக்கும் கருவி இப்போது இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லுகிறது. ஆனாலும் மூளைக் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவாக இருக்கும். "கிருமி இல்லை" என்று கருவி சொன்னாலும் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. நீரை வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கப் பல வாரங்கள் ஆகும்.

சதைத் துணுக்கு சொல்லும் சாட்சி

இத்தனைக்கும் பிறகு மிகப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. அது ஒரு சின்னச் சதைத் துணுக்கு!

தோலில் தடிப்பு இருந்தால் அங்கிருந்து எடுக்கலாம். கழுத்து நெறி வீங்கியிருந்தால் அங்கிருந்து எடுக்கலாம். நெஞ்சுக்குள் வீங்கிய நெறியானால், வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி மெல்லிய ஊசியால் எடுக்கிறார்கள். மார்பைப் பிளக்கவேண்டியது இல்லை. உடம்பில் வேறு எங்குமே கிடைக்காவிட்டால், அவசியம் ஏற்பட்டால் மட்டும், மூளை அல்லது மூளைச் சவ்வில் இருந்து எடுக்கிறார்கள்.

அந்தத் துணுக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குருணை முடிச்சுகள் தெரியும். காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் திரிந்த பால்போல நொறுங்கிக் கிடக்கும். சார்காய்டோசிஸ் முடிச்சு நொறுங்காமல் கட்டுக்கோப்பாக இருக்கும். ஒரே மாதிரியான இரண்டு வேடக்காரர்களைப் பிரித்துக் காட்டும் பெரிய வித்தியாசம் இதுதான். அப்படியும் துணுக்கில் காசநோய்க் கிருமியும் காளானும் இல்லை என்று தனியே பார்த்த பிறகே டாக்டர்கள் முடிவு சொல்லுவார்கள்.

2018-ம் ஆண்டில் பல டாக்டர்கள் கூடி இதற்கு மூன்று படிகளை வகுத்தார்கள். மூளை அல்லது நரம்பின் துணுக்கிலேயே முடிச்சைக் கண்டால் 'உறுதி'. உடம்பின் வேறு இடத்தில் முடிச்சைக் கண்டு, மூளையின் அறிகுறியும் பொருந்தினால் 'பெரும்பாலும் அதுவே'. துணுக்கே கிடைக்காமல் அறிகுறி மட்டும் பொருந்தினால் 'இருக்கலாம்'. எந்தப் படியானாலும் வேறு நோய்கள் இல்லை என்று முதலில் பார்த்திருக்கவேண்டும்.

ஆகவே டாக்டர், "இருக்கலாம் அம்மா, இன்னும் பார்க்கவேண்டும்" என்று சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைக்கவேண்டாம். அவர் தெரிந்துதான் பேசுகிறார்.

ஏன் இத்தனை ஜாக்கிரதை?

சார்காய்டோசிஸுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. உடம்பின் காவல்படையை அது அடக்கும். முடிச்சுகள் கரையும். மங்கிய பார்வை திரும்பலாம். தள்ளாடிய கால் நிமிரலாம். அது போதாவிட்டால் மெத்தோட்ரெக்சேட், இன்பிளிக்சிமாப் போன்ற மருந்துகளும் உண்டு.

உள்ளே இருப்பது காசநோயாக இருந்து, காசநோய் மருந்தே கொடுக்காமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? காவல்படை அடங்கிய நேரம் பார்த்துக் கிருமி தலைவிரித்தாடும். உயிருக்கே ஆபத்து!

சார்காய்டோசிஸாக இருந்து, காசநோய் மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் விழுங்கினால்? அந்த மாதங்களில் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சாகும். போன பார்வையை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது போகலாம்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டீராய்டை முன்கூட்டியே போட்டுவிட்டால் முடிச்சுகள் கரைந்துவிடும். பிறகு துணுக்கு எடுத்தாலும் சாட்சி கிடைக்காது. அதனால்தான் டாக்டர்கள் சாட்சியை முதலில் தேடுகிறார்கள். பார்வை போகும் நிலையிலோ நினைவு தப்பும் நிலையிலோ மட்டும் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள். காசநோய் இல்லை என்று சொல்ல முடியாதபோது, காசநோய் மருந்தையும் சேர்த்தே கொடுத்து, உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனிப்பதும் உண்டு.

குடும்பத்தார் செய்யவேண்டியது

1. பழைய சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் படம், ரத்தச் சோதனைத் தாள் எதையும் எறியாதீர்கள். ஒரே பையில் தேதிவாரியாகப் போட்டு வையுங்கள். மலையை விட்டு இறங்கும்போது அந்தப் பையும் கூட வரட்டும்.

2. எழுதத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு எந்த மாதம் என்ன தொல்லை வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தானாகச் சரியாகிப்போன தொல்லையையும் எழுதுங்கள். அதுதான் முக்கியமான துப்பாக இருக்கும்.

3. வீட்டிலோ அண்டை வீட்டிலோ யாருக்காவது காசநோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய்ச் சோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

4. ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இரண்டுமே ஆபத்து. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வலிப்பு, நினைவு தப்புதல், திடீரென்று பார்வை போதல், கை கால் விழுதல் ஆகியவை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

6. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சிகிச்சைக்கு உதவும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேண்டுதலும் மருந்தும்

ஏற்காட்டு மலையின் உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. குகைக்குள்ளே சேர்வராயரும் காவேரி அம்மனும் வீற்றிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும். உடம்பு சரியில்லை என்றால் அங்கே வேண்டிக்கொள்வது இந்த மக்களின் வழக்கம்.

வேண்டிக்கொள்ளட்டும், மனத்துக்குத் தைரியம் கிடைக்கும். கோயிலுக்குப் போகிற நாளிலும் மாத்திரையை விடாமல் விழுங்கட்டும். குறித்த தேதியில் மலை இறங்கி டாக்டரைப் பார்க்கட்டும்.

இந்த நோய்க்கு ஒரே நாளில் பெயர் கிடைக்காது. சில வாரங்கள் ஆகலாம். சிலருக்குச் சில மாதங்களும் ஆகலாம். அந்த நாட்களில் டாக்டரை மாற்றிக்கொண்டே போனால் துண்டுகள் மறுபடியும் சிதறிப்போகும். இன்னொரு டாக்டரின் யோசனை வேண்டும் என்றால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பழைய பையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நல்ல டாக்டருக்கு நல்ல கருவிகள் வேண்டும். அவற்றோடு, நடந்ததை நடந்தபடி சொல்லும் ஒரு குடும்பமும் வேண்டும். கருவிகள் சேலத்திலும் சென்னையிலும் இருக்கின்றன. சொல்லவேண்டிய செய்தி உங்கள் வீட்டில் இருக்கிறது!